நியூஜெர்சி ஏரிக் குடியிருப்பில் குடியேறுபவர்களுக்கு: பத்திரம் முதல் பனிக்கட்டி வரை

வீடு வாங்கி மூன்றாவது வாரம், ஜூன் மாதச் சனிக்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு டப்பா புளியோதரை சகிதம் ஏரிக்கரைக்கு நடந்தோம். எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் கரை. கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் குடை நிழலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருந்தாள். "பேட்ஜ்?" என்றாள். எங்களிடம் ஏது? வீட்டு எண்ணைச் சொன்னேன். கையிலிருந்த தாளில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு இரண்டு வருடச் சந்தா பாக்கி என்றாள். பழைய உரிமையாளர் கட்டாமல் விட்டது. வீட்டைப் பதிவு செய்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி நடக்கையில் அப்பா ஒன்றுதான் கேட்டார்: "ஏம்ப்பா, கம்மா நம்மளுதுன்னு சொன்னியே?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது. எடிசன், பார்சிப்பனி பக்கம் அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு, வார இறுதியில் மாரிஸ், சசெக்ஸ், பஸேக் கவுண்டிகளில் ஏரியோரமாக வீடு தேடுகிறவர்களுக்கு அந்த ஆறு வருடத்தை இங்கே சுருக்கித் தருகிறேன்.

முதலில், அது யாருடைய ஏரி?

வடக்கு நியூஜெர்சியில் நீங்கள் பார்க்கும் குடியிருப்பு ஏரிகளில் பெரும்பாலானவை ஓடையை மறித்துக் கட்டிய அணையால் உண்டானவை. 1910 முதல் 1930கள் வரை மனை விற்பவர்கள் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள், ஓர் அணையைப் போடுவார்கள், தண்ணீர் நின்றதும் சுற்றிலும் மனை பிரித்து நியூயார்க்காருக்குக் கோடைக் குடிலாக விற்பார்கள். ஸ்பார்ட்டாவில் இருக்கும் லேக் மோஹாக், 1920களின் பிற்பாதியில் ஆர்தர் கிரேன் என்பவரின் நிறுவனம் இப்படி உருவாக்கியது. சுமார் 800 ஏக்கர். லேக் பார்சிப்பனி மனைகளை 1930களில் நியூயார்க்கின் டெய்லி மிரர் பத்திரிகை முன்னின்று விற்றது. ஆமாம், செய்தித்தாள்தான். பொருளாதார மந்தக் காலத்தில் சந்தாதாரர்களைப் பிடிக்க அதுவும் ஒரு வழி.

இன்று அந்த ஏரிகள் மூன்று வகையாக இருக்கின்றன. லேக் ஹோபட்காங் மாதிரி அரசு ஏரி: மாநிலத்திலேயே பெரியது, பொதுமக்கள் யாரும் படகு விடலாம். மவுண்டன் லேக்ஸ் மாதிரி, ஏரிகள் ஊராட்சி வசம் இருக்கும் இடம்: ஊரில் குடியிருந்தால் போதும். மூன்றாவது தனியார் ஏரி. தண்ணீர், அடிநிலம், அணை, மணல் கரை எல்லாம் ஒரு சங்கத்துக்கோ கிளப்புக்கோ சொந்தம். இந்தக் கட்டுரை இந்த மூன்றாவது வகையைப் பற்றியது. சிக்கல் முழுக்க அங்கேதான்.

நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாத விஷயமே இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது, பத்தாம் நூற்றாண்டில். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரார் தேர்ந்தெடுத்த குழு. இங்கே அதற்கு லேக் அசோசியேஷன் என்று பெயர், அவ்வளவுதான். மதகு உண்டு, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு உண்டு, கரை உண்டு. குடிமராமத்துக்கு ஆளுக்கு ஒரு மண்வெட்டி எடுத்துப் போனதற்குப் பதிலாக இங்கே வருடம் ஒரு பில் வரும். சில இடங்களில் மண்வெட்டியும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்: விளம்பரத்தை நம்பாதீர்கள், பத்திரத்தைப் படியுங்கள்

விளம்பரத்தில் மூன்று சொற்கள் கலந்து கட்டி வரும். "லேக்ஃப்ரண்ட்" என்றால் உங்கள் மனை தண்ணீரைத் தொடுகிறது. "லேக் வியூ" என்றால் ஜன்னலில் தெரிகிறது, இலை உதிர்ந்த பிறகு மட்டும் தெரிந்தாலும் அப்படித்தான் போடுவார்கள். "லேக் கம்யூனிட்டி" என்றால் அந்தப் பேட்டைக்குள் வீடு இருக்கிறது, மற்றதை நீங்களே விசாரித்துக்கொள்ள வேண்டும். மனை தண்ணீரைத் தொட்டாலும் தண்ணீர் உங்களுடையது ஆகிவிடாது. படகுத்துறை போட, கரையில் கல் அடுக்க, ஏன், கரையோரப் புல்லை வெட்டக்கூடச் சில சங்கங்களில் அனுமதி வாங்க வேண்டும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: உறுப்பினர் ஆவது கட்டாயமா, விருப்பமா? சில ஏரிகளில் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். வீடு வாங்கினால் உறுப்பினர், சந்தா கட்டாவிட்டால் அந்தப் பாக்கி வீட்டின் மேலேயே கடனாக ஏறும். வேறு சிலவற்றில் விரும்பினால் சேரலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புகைமூட்டமான பகுதி இருக்கிறது. 2017இல் நியூஜெர்சி தன் குடியிருப்புச் சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கத் தேர்தலில் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அதுவரை விருப்பச் சந்தா மட்டும் வாங்கிய சில ஏரிச் சங்கங்கள், "எல்லோரும் உறுப்பினர் என்றால் எல்லோரும் கட்டணும்" என்று பில் அனுப்ப, வழக்குகள் கிளம்பின. நீங்கள் பார்க்கும் ஏரியில் இன்று என்ன நிலைமை என்பதை ரியல்ட்டரிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு வழக்கறிஞர் பார்ப்பதற்கென்று மூன்று வேலை நாள் இந்த மாநிலத்தில் கிடைக்கும். அந்த மூன்று நாளுக்குள் வழக்கறிஞர் வாயால் பதில் வர வேண்டும்.

இரண்டாவது, சந்தா எவ்வளவு என்று கேட்பதோடு விடாதீர்கள். புது உறுப்பினருக்கு ஒருமுறைக் கட்டணம் தனியாக உண்டா? பழைய பாக்கி இருக்கிறதா? (என் அப்பாவின் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.) அடுத்த சில வருடங்களில் சிறப்பு வசூல் ஏதாவது பேசிக்கொண்டிருக்கிறார்களா? கடைசி இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

அப்புறம் வீடு. கோடைக் குடிலாகப் பிறந்து பின்னால் நிரந்தர வீடாக மாறியவை இங்கே ஏராளம். மனை குறுகல், சுவருக்குள் குளிர் தாங்கும் பஞ்சு இருக்காது, வீட்டுக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். வீட்டைச் சூடாக்கப் பயன்பட்ட பழைய எண்ணெய்த் தொட்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தனி ஆள் வைக்கலாம், வையுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கும். பழைய வீடென்றால் வெறும் செஸ்பூல், அதாவது கல் அடுக்கிய குழி மட்டும் இருக்கலாம். 2012இல் வந்த விதிப்படி வீடு கைமாறும்போது செஸ்பூலை எடுத்துவிட்டு முறையான அமைப்பு போட வேண்டும். சின்ன மனையில், பாறை நிலத்தில், அது பெரிய செலவு. யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ள அபாயம் பற்றி விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2024 முதல் சட்டம். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஈடு தராது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அணையைப் போய்ப் பாருங்கள்

வீடு பார்க்க வருகிறவர்கள் மணல் கரையைப் பார்ப்பார்கள், படகுத்துறையைப் பார்ப்பார்கள். அணைப் பக்கம் யாரும் போவதில்லை. என் அப்பா போனார். சிவகங்கைக்காரர், கண்மாய் என்றால் கால் தானாகவே மடையைத் தேடிப் போகும். பேட்ஜ் கிடைக்காத அன்றைக்கே, சாப்பிட்ட கையோடு கரைமேல் நடந்து கலுங்கைக் கண்டுபிடித்துவிட்டார். கான்கிரீட்டில் ஒரு வெடிப்பு, பக்கத்தில் ஈரம். அதைவிட அவரை உறுத்தியது வேறு. "கரையில ஒரு மரம்கூட இல்ல பாரு. நம்ம ஊர்ல பனைய வச்சுல்ல கரையக் காப்பாத்துவோம்."

இங்கே தலைகீழ். மண் அணையில் மரம் வளர்ந்தால் வேர் வழியாக நீர் கசியும், காற்றில் மரம் சாய்ந்தால் கரையையே பெயர்த்துக்கொண்டு போகும் என்று பொறியாளர்கள் வெட்டச் சொல்வார்கள். பனையின் சல்லி வேரும் ஓக் மரத்தின் தடித்த வேரும் ஒன்றல்லவே. ஆக, அணையில் மரம் மண்டிக் கிடந்தால் பராமரிப்பு தூங்குகிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம்.

மாநிலம் அணைகளை வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகுப்பு என்றால் உறுதியான அணை என்று எண்ணிவிடாதீர்கள். உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் வரக்கூடிய அணை என்று பொருள். இப்படிப்பட்ட அணைக்கு முறையான ஆய்வு, அவசரத் திட்டம் எல்லாம் கட்டாயம். ஆய்வில் குறை கண்டால் சங்கம் சரி செய்தே ஆக வேண்டும். 2000 ஆகஸ்டில் ஸ்பார்ட்டா சுற்று வட்டாரத்தில் ஒரே மழையில் சில அணைகள் உடைந்தன. செனகா லேக் அணை அதில் ஒன்று. அதற்குப் பிறகு 2003இல் கடன்பத்திரச் சட்டம் ஒன்று போட்டு, தனியார் ஏரிகளின் அணைகளுக்கும் குறைந்த வட்டியில் மாநிலம் கடன் கொடுத்தது. அந்தக் கடனைப் பல ஆண்டுகளாகத் திருப்பிக் கட்டுவது யார்? ஏரியைச் சுற்றிக் குடியிருப்பவர்கள்.

"நாங்க நீந்தப் போறதே இல்ல, எதுக்குண்ணா சந்தா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் வீடு அணைக்குக் கீழே மூன்றாவது தெரு.

அலுவலகத்துக்குப் போய் பேட்ஜ் வாங்குங்கள்

பருவம் மே கடைசித் திங்கள், அதாவது மெமோரியல் டே வார இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களான லேபர் டேயோடு முடிகிறது. மே நடுவில் அலுவலகத்தில் வரிசை நீளும். ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுப் பத்திரம், ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளின் வயதுச் சான்று கொண்டு போனால் ஒரே நடையில் வேலை ஆகும்.

பேட்ஜ் ஆளுக்கு ஒன்று. ஊக்கு வைத்த பிளாஸ்டிக் வில்லை, வருடா வருடம் நிறம் மாறும். நீச்சல் உடையில் குத்திக்கொள்ள வேண்டும். அம்மா அதை முந்தானையில் குத்திக்கொண்டு கரையெல்லாம் நடந்தார். விருந்தினர் பேட்ஜ்தான் நமக்குப் பெரிய விஷயம். வருடத்துக்கு இத்தனை என்று எண்ணித் தருவார்கள், அல்லது தினசரிக் கட்டணம் இருக்கும். ஆறு மாத விசாவில் வரும் பெற்றோர் விருந்தினரா, வீட்டாரா என்பதில் ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு மாதிரி. பல இடங்களில் வீட்டோடு தங்கும் பெற்றோருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். பிறந்தநாள் என்று இருபத்தைந்து பேரைக் கூட்டி வருவதாக இருந்தால் முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். அலுமினியத் தட்டில் பிரியாணி கொண்டு வரலாம், யாரும் தடுப்பதில்லை. கண்ணாடிப் பாட்டில் மட்டும் எங்கேயும் கூடாது. மணலில் உடைந்தால் பொறுக்க முடியாது.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லிவிட வேண்டும். "நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு வரலாறு உண்டு. இந்த ஏரிகளில் பல, கிளப் உறுப்பினர் ஒப்புக்கொண்டால்தான் வீடே வாங்க முடியும் என்ற கட்டுப்பாட்டோடு பிறந்தவை. யூதர்களையும் கறுப்பர்களையும் வெளியே நிறுத்தத்தான் அந்த ஏற்பாடு. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனவாரிப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1966இல், நீச்சல் கிளப் ஒன்று கறுப்பினக் குடும்பத்தைச் சேர்க்க மறுத்த வழக்கில், பொதுவில் ஆள் சேர்க்கும் கிளப் அப்படி ஒதுக்க முடியாது என்று நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1968இல் வீட்டு வசதிப் பாகுபாட்டுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. குளத்தில் யார் இறங்கலாம் என்ற கேள்வி நமக்கு ஒன்றும் புதிதல்ல. எந்தப் பக்கம் நின்று பார்த்தோம் என்பது அவரவர் குடும்பத்தைப் பொறுத்தது. இன்று என் கரையில் குஜராத்தி, கொரியன், போலிஷ் எல்லாம் கேட்கிறது.

தண்ணீரில் இறங்கும்போது

ஏரி நீச்சல்குளம் அல்ல. அடி தெரியாது. கயிறும் மிதவையும் கட்டிய எல்லைக்குள்தான் நீந்த வேண்டும், அதுவும் லைஃப்கார்ட் இருக்கும் நேரத்தில். ஆழமான பகுதிக்கு, நடுவில் மிதக்கும் மரமேடைக்குப் போகப் பிள்ளைகள் பரீட்சை கொடுக்க வேண்டும்: இவ்வளவு தூரம் நீந்த வேண்டும், இவ்வளவு நேரம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும். என் மகள் ஒன்பது வயதில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். ஜூன் நடுவில் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும், ஜூலை வரை பொறுங்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். நனைந்தால் கனத்துக் காலைக் கட்டும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. உடலை மூடும் நீச்சல் உடை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது, முழுக்கை முழங்கால் எல்லாம் உண்டு. என் மனைவி அதைத்தான் அணிகிறாள்.

நீச்சல் அணியில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். டென்வில் வட்டாரத்து ஏரிகளுக்குள் ஹப் லேக்ஸ் என்று ஒரு போட்டி அமைப்பே இருக்கிறது. ஜூலை முழுக்க இந்த ஏரிக்கும் அந்த ஏரிக்கும் பந்தயம். அக்கம்பக்கத்தாரை நான் அறிந்தது கூட்டங்களில் அல்ல, காலை ஏழரை மணிக்கு நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஈர மரப்பலகையில் நின்றபோதுதான்.

படகுக்கு வருவோம். கயாக், கனூ போன்ற துடுப்புப் படகுகளுக்கு மாநிலப் பதிவு வேண்டாம். சங்கத்தின் ஸ்டிக்கர் வேண்டும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், ஒரு விசில் படகில் இருக்க வேண்டும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஜாக்கெட்டைப் போட்டே இருக்க வேண்டும், மடியில் வைத்திருந்தால் போதாது. மோட்டார் வைத்தால் கதை வேறு: பதிவு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், ஏரி போன்ற உள்நாட்டு நீரில் ஓட்டத் தனி உரிமம். அதற்கும் முன்னால் உங்கள் ஏரி மோட்டாரை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி மோட்டார் மட்டும் என்று பல ஏரிகளில் விதி. படகு கட்டும் இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் போகும். சேர்ந்த அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், படகு பிறகு வாங்கிக்கொள்ளலாம். வேறு ஏரியில் ஓட்டிய கயாக்கைக் கழுவி, வடித்து, காய வைக்காமல் இறக்காதீர்கள். ஒரு துண்டு மில்ஃபாயில் களை ஒட்டி வந்தால் போதும், அடுத்த கோடையில் துடுப்பு சுற்றாது.

மீன்பிடிப்பில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். "தனியார் ஏரிதானே, உரிமம் எதற்கு?" என்பார்கள். நியூஜெர்சியில் நன்னீரில் தூண்டில் போட, தனியார் ஏரியானாலும், 16 முதல் 69 வயது வரை உரிமம் வேண்டும். 70 ஆன மாநிலவாசிக்கு வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் 72 வயதுத் தாத்தா மாநிலவாசி அல்ல, ஆகவே அவருக்கு வேண்டும். வெளியூராருக்குக் குறுகிய கால உரிமம் இருக்கிறது. பிடித்த மீனைக் குழம்பு வைக்கும் முன் மாநிலத்தின் உணவு எச்சரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பாஸ், பிக்கரல் போன்ற வேட்டை மீன்களில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அளவு கண்டிப்பானது. பெரும்பாலோர் இங்கே பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறார்கள். அப்பாவுக்கு இது கடைசி வரை புரியவில்லை. "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

ஏரியில் எதைப் போடக் கூடாது

2019 கோடையில் லேக் ஹோபட்காங்கில் நஞ்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி படர்ந்து, பருவத்தின் பெரும்பகுதி நீந்தத் தடை. படகுக் கடை, உணவகம், வாடகை வீடு எல்லாம் அடிபட்டன. அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பாஸ்பரஸ் என்ற சொல் மனப்பாடம். ஒரு பவுண்டு பாஸ்பரஸ் நூற்றுக்கணக்கான பவுண்டு பாசியை வளர்க்கும். அது வருவது நம் வீடுகளிலிருந்துதான்: புல்வெளி உரம், கசியும் செப்டிக், வாத்து எச்சம், ஏரியில் தள்ளிய இலைச் சருகு.

உரத்துக்கு 2011இல் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. மண் பரிசோதனை தேவை என்று சொன்னால் ஒழிய, புல்லுக்குப் பாஸ்பரஸ் போடக் கூடாது. நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை எந்த உரமும் கூடாது. தண்ணீருக்கு 25 அடிக்குள் தூவக் கூடாது. செப்டிக் தொட்டியை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது இறைத்துவிடுங்கள். கனடா வாத்துக்குச் சோறோ ரொட்டியோ போடாதீர்கள். காக்கைக்குச் சோறு வைத்த கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் இருபது வாத்து தங்கிவிட்டால் கரையில் கால் வைக்க முடியாது. கூட்டாட்சிச் சட்டம் அவற்றைக் காப்பதால் முட்டையைத் தொடக்கூடச் சங்கம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நீலப்பச்சைப் பாசியை எப்படி அடையாளம் காண்பது? ஒரு குச்சியால் கிளறுங்கள். குச்சியில் நூல் நூலாகத் தொங்கினால் சாதாரணப் பாசி. பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போலக் கலைந்து பரவினால் சந்தேகப்பட வேண்டியது. கையை விடாதீர்கள், நாயை நக்க விடாதீர்கள், சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

அப்புறம் நம் பண்டிகைகள். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரை ஏரியில் கரைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றினால் பிள்ளையார் கோபிக்கப் போவதில்லை. ஆடிப் பெருக்குதான் எங்கள் வீட்டில் சங்கடம். அம்மாவுக்குத் திருச்சிப் பக்கம். ஆகஸ்ட் ஆரம்பம், ஏரி நிறைந்து நிற்கிறது. தட்டில் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி, பூ, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். காவிரியில் விட்டது போல இங்கேயும் விட வேண்டும். கூடாது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ஒரு சொம்பு ஏரித் தண்ணீரை மொண்டு வந்து படகுத்துறைப் படியில் வைத்து, அதற்குப் பொட்டிட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டினார். தண்ணீரை வீட்டு ரோஜாச் செடிக்கு ஊற்றினோம். பக்கத்துத் துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த எண்பது வயதுக்காரர், என்ன இது என்று கேட்டார். ஆறு நிறைந்ததற்கு நன்றி சொல்கிறோம் என்றேன். எலுமிச்சைச் சாதம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "நாங்கள் ஐம்பது வருடமாக நன்றியே சொல்லவில்லை" என்றார்.

தீபாவளிக்கு மத்தாப்பு சரி. கையில் பிடிக்கும், தரையில் வைக்கும் மத்தாப்பு வகைகளை 2017 முதல் மாநிலம் அனுமதிக்கிறது. வெடியும் ராக்கெட்டும் குற்றம், ஏரியின் நடுவில் போய் விட்டாலும்.

இலையுதிர் காலம்: தண்ணீர் இறங்கும்

அக்டோபரில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது, ஏரியை இறக்கப் போகிறோம் என்று. நான் படித்துவிட்டுப் பேப்பர் குவியலில் போட்டேன். குளிர்காலத்தில் மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைப்பது பல ஏரிகளில் வழக்கம். லேக் ஹோபட்காங்கில் வருடா வருடம் கொஞ்சம் இறக்குவார்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 60 அங்குலம். கரையோரக் களை உறைந்து சாகும், படகுத்துறையைப் பழுது பார்க்கலாம், பனிக்கட்டி அழுத்திக் கரைச்சுவர் உடையாது.

எங்கள் மிதிபடகு துறையில் கட்டிக் கிடந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் இருபது அடி தள்ளிப் போயிருக்கிறது, படகு கறுப்புச் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. இறங்கினேன். முழங்கால் வரை போனது. இடது பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட அதே பெரியவர் இரண்டு பலகையைக் கொண்டுவந்து சேற்றின் மேல் போட்டார். அதன்மேல் தவழ்ந்து படகை இழுத்தோம். ஆக, அக்டோபர் முதல் வாரத்துக்குள் படகைக் கரையேற்றுங்கள்.

தண்ணீர் இறங்கிய ஒரு சனிக்கிழமை, கரை சுத்தம் செய்யும் நாள் என்று அழைப்பு வரும். மண்வெட்டி என்று முன்பே சொன்னேனே, அது இதுதான். போங்கள். கோடை முழுக்கத் தலையசைப்போடு நின்றவர்கள் அன்றைக்குப் பெயர் கேட்பார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் போங்கள். பட்ஜெட் தாளில் அணை என்ற வரியைத் தேடுங்கள், அதில் ஒதுக்கீடு பூஜ்யமாக இருந்தால் எழுந்து ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டதற்கு என்னையே அணைக் குழுவில் போட்டுவிட்டார்கள்.

பனிக்கட்டி

ஜனவரியில் ஏரி உறைந்ததும் பிள்ளைகள் சறுக்கக் கேட்பார்கள். கணக்கு இது: தெளிந்த, புதிய பனிக்கட்டி குறைந்தது நான்கு அங்குலம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம். வெள்ளையாக, பனி கலந்து உறைந்தது பாதி பலம்தான், அதற்கு இரட்டிப்புத் தடிமன் வேண்டும். ஓடை வந்து சேரும் இடம், கலுங்குப் பக்கம், அடியில் ஊற்று இருக்கும் இடம் எல்லாம் மற்ற இடம் கெட்டியாக இருந்தாலும் மெலிசாகவே இருக்கும். இன்னொன்று, படகுத்துறையைப் பனி நெரிக்காமல் இருக்கச் சிலர் தண்ணீருக்கடியில் காற்றுக் குமிழி விடும் கருவி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித் திறந்த தண்ணீர் இருக்கும், இருட்டில் தெரியாது. வளையம் போல நான்கு கொடி நட்டிருந்தால் அதுதான். சுற்றிப் போங்கள்.

இரவில் பனிக்கட்டி முனகும் சத்தம் வரும், யாரோ பெரிய தகரத்தை வளைப்பது போல. முதல் வருடம் அம்மா பயந்து எழுந்து விளக்கைப் போட்டார். அது பனிக்கட்டி உடைந்து அமிழும் சத்தம் அல்ல, குளிர் ஏறி இறங்கும்போது சுருங்கியும் விரிந்தும் போடும் சத்தம். ஆனாலும் காலையில் துளைபோட்டு அளக்காமல் இறங்காதீர்கள். துளைபோடும் திருகு எங்கள் சங்க அலுவலகத்தில் இரவல் கிடைக்கும், உங்கள் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். பேட்ஜ் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும்.